வெள்ளியைத் துலக்கிவிட்டுப் போன திருடன்

சர்ஃபராஸ் திருடவில்லை என்று உறுதியானபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பழம்பொருள் வியாபாரியின் கடைக்கு எதிரே இரண்டு நாள் மழையில் நின்று காவல் காத்தவள் நான். அதற்காகவாவது அவன் குற்றவாளியாக இருந்திருக்கலாம்.

"இன்னைக்குக் காலையில ஷிரினம்மாவுக்குப் போன் பண்ணி, அந்தப் புத்தகத்துக்கு விலையை ஏத்திக் கேட்டிருக்கான்," என்றார் சயா. "கையில இருக்கிற பொருளுக்கு எவனாவது விலை ஏத்துவானா, மா விஜி?"

"என் ஜலதோஷத்துக்கு ஏதாவது தருவானான்னு கேட்டீங்களா, சயா?"

அவர் சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

சயா என்றால் பர்மாவில் வாத்தியார், டாக்டர், முதலாளி எல்லாரும்தான். ஒழுங்காகச் சம்பளம் தருகிறவர் என்று அர்த்தம் கிடையாது. எங்கள் சயா ஊ விநாயகமூர்த்தி, பசுந்தாங்கில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறைக்கு மேலே, 'காணாமற்போனவை கண்டுபிடித்துத் தரப்படும்' என்று பர்மிய மொழியில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு பலகை மாட்டியிருக்கிறார். அதற்கு முன் இருபது வருஷம் யாங்கோன் வட்ட ரயிலில் டிக்கெட் பரிசோதகர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் எழுத்தைப் படிப்பதற்கு முன் ஓரத்தைத்தான் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான் வாங்குவார். நான் விஜயகுமாரி; பர்மிய மரியாதைக்கு அவர் ஊ, நான் மா. அவருடைய உதவியாளர், டைப்பிஸ்ட், மழையில் நிற்கிறவள்.

முப்பதாவது தெருவில் மூன்றாம் மாடியில், எங்களிடம் கேஸ் கொடுத்த ஷிரினம்மாவின் வீடு. கரண்ட் இல்லை. பகல் பதினொரு மணிக்கே கூடத்தில் சாயங்கால வெளிச்சம். ஜன்னலோரம் அவருடைய மகன் ஜாபர் உட்கார்ந்து ஒரு தோள்பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. ஃபேன் ரிப்பேர் செய்கிறவன்.

"எங்கே கிளம்புறே தம்பி?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"எங்கே போனாலும் சட்டை வேணும்ல, அக்கா," என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டு அவன் அடுத்த சட்டையை எடுத்தான்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் அந்த வார்டில் அவன் பெயர் விழுந்திருந்தது. திங்கட்கிழமை ஆஜராக வேண்டும். அவனோடு படித்த ஒருவன் போன வருஷம் இதே போலப் போனான். அவன் தாய் இன்றுவரை ஒரு போன் மணிக்காகக் காத்திருக்கிறாள். தப்புவதற்கு ஜாபருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. ரங்கூனில் வாழ்ந்த யூதக் குடும்பங்களின் வாரிசுகளைத் தன் பொறுப்பில் அழைத்துக்கொள்ளும் சங்கம் ஒன்று சிட்னியில் இருக்கிறது. அதன் பிரதிநிதியாக ஓர் அம்மாள் வந்து ஓட்டலில் தங்கியிருந்தார். நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவரிடம் அத்தாட்சியைக் காட்டினால் கையெழுத்துப் போடுவார். காட்டாவிட்டால் மத்தியானம் அவர் விமானம் ஏறிவிடுவார்.

அத்தாட்சி என்பதுதான் காணாமற்போன அந்தக் கையெழுத்துப் புத்தகம். ஷிரினம்மாவின் தாயார் ரஹேல் யூதப் பெண்மணி. அவருடைய முன்னோர் ஒருவர் பாக்தாதில் உட்கார்ந்து மைக்கூடும் நாணல் பேனாவுமாக எழுதி, கல்கத்தா வழியாக ரங்கூனுக்குக் கொண்டுவந்தது. ஜெபம் செய்வது எப்படி என்று சொல்லும் ரகசியப் புத்தகம். வார்த்தைகளைச் சொல்லும்போது எந்த எழுத்தை மனசுக்குள் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் மூச்சை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்குமாம். நடுநடுவே கடவுளின் பெயரையே விளக்குப் போல வரைந்திருக்குமாம்.

அதன் முதல் பக்கத்தில் குடும்பத்தில் பிறந்தவர்களின் பெயர்களை ஐந்து தலைமுறையாக எழுதி வந்திருந்தார்கள். ரஹேலுக்கு மகள் ஷிரின், ஷிரினுக்கு மகன் ஜாபர் என்பது கடைசி இரண்டு வரி. வேறு எந்தக் காகிதமும் உதவாது. ரஹேல் அறுபதுகளில் பயந்துபோய்ப் பெயரை மாற்றிக்கொண்டு, அரசாங்கக் கணக்கில் தோ மியா என்ற பர்மியப் பெண் ஆகிவிட்டார். ஷிரினம்மா கட்டிக்கொண்டது ஒரு முஸ்லிமை. ஜாபரின் அடையாள அட்டையில் மதம் இஸ்லாம். அவன் ரஹேலின் பேரன் என்று சொல்ல அந்த ஒரு பக்கத்தை விட்டால் நாதியில்லை.

"ஒரு போட்டோகூட எடுத்து வைக்கலையாம்மா?" என்றேன்.

"அம்மா விடமாட்டாங்க. கடவுள் பேர் இருக்கிற புத்தகத்தைப் போட்டோ பிடிச்சா அந்தப் படம் எங்கெங்கே கிடக்குமோன்னு பயம்," என்றார் ஷிரினம்மா. நன்றாகத் தமிழ் பேசினார். "எழுத்து இந்த மாதிரிதான் இருக்கும்."

அச்சடித்த சின்ன ஜெபப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பின்னட்டையைத் திறந்தார்.

"கடைசியிலேர்ந்து திறக்கிறீங்களே?"

"எங்களுக்கு இதுதான் முன்பக்கம். வலமிருந்து இடமாப் போகும்."

"நல்ல வழக்கம். எங்க சயா கேஸை இப்படித்தான் ஆரம்பிப்பார்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு அதை அத்தோடு மறந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது.

சயா, புத்தகம் இருந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. சர்ஃபராஸ் என்ற பெயரைக் கேட்டதும் இருவருமே அவன் பின்னால் ஓடிவிட்டோம்.

"பூட்டு உடையலை. சாவி எங்கே இருக்கும்?"

"நாட்காட்டிக்குப் பின்னாடி."

"புத்தகத்தைத் தவிர உள்ளே என்ன இருந்துச்சு?"

"வெள்ளி விளக்கு ஒண்ணு, வெள்ளிக் கிண்ணம் ஒண்ணு. ரெண்டும் அப்படியே இருக்கு."

சயா கிண்ணத்தை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார். அது பளபளவென்று இருந்தது.

"எப்போ துலக்கினீங்க?"

"ஏப்ரல் மாசம், பண்டிகைக்கு. அப்புறம் தொடலை."

"ஏப்ரல்ல துலக்கின வெள்ளி இந்த மழைக்கு இதுக்குள்ள கறுத்திருக்கணும். அப்போ திருடன்தான் துலக்கி வச்சிட்டுப் போயிருக்கான்."

"அட்ரஸ் கிடைச்சா நம்ம ஆபீசுக்கும் கூப்பிடலாம், சயா. ஜன்னலெல்லாம் துடைக்கணும்."

கிண்ணத்தின் பூவேலைக்குள் வெள்ளையாக ஏதோ பொடி அடைந்திருந்தது. பூச்சி மருந்து என்று நினைத்து விட்டுவிட்டதாக ஷிரினம்மா சொன்னார். நான் விரல் நகத்தால் கிளறி மோந்து பார்த்தேன். பார்த்ததும் கை தானாக என் நெற்றிக்குப் போய்விட்டது.

"திருநீறு," என்றேன். "எங்க வீட்டுல வெள்ளியை இதைப் போட்டுத்தான் துலக்குவோம். வேற எதைப் போட்டாலும் கீறல் விழும்னு எங்கம்மா அடிக்க வரும்."

சயா ஷிரினம்மாவைப் பார்த்தார். "சாவி இருக்கிற இடம் தெரிஞ்ச தமிழ் ஆள் இந்த வீட்டுல யாரு?"

ஷிரினம்மா கிண்ணத்தை வாங்கி அலமாரியில் வைத்தார்.

"தனபாக்கியம் அக்கா. எனக்கு ஆறு வயசா இருக்கறப்போ இந்த வீட்டுக்கு வந்தாங்க. என் தமிழெல்லாம் அவங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். முட்டி வலின்னு மூணு வாரம் முன்னாடி தன்லியினுக்கு மகள் வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க திருட மாட்டாங்க சயா. எனக்குச் சோறு ஊட்டினவங்க."

"அதான் துலக்கி வச்சிட்டுப் போயிருக்காங்க," என்றார் சயா.

"சர்ஃபராஸ் இந்தப் புத்தகத்தைப் பார்க்க வந்தப்போ அவங்க இருந்தாங்களா?" என்று அவரே தொடர்ந்து கேட்டார்.

"டீ போட்டுக் குடுத்தாங்க. புத்தகம் எத்தனை வருஷம் பழசுன்னு சிட்னிக்காரங்களுக்கு எழுதிக் குடுக்கத்தான் அந்த ஆளை வரச் சொன்னேன். அவன் விலை பேச ஆரம்பிச்சிட்டான்."

"சிட்னி விஷயம் தனபாக்கியத்துக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. பையன் வெளிநாடு போறான்னு காத்துல விழுந்தா வார்டுல இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்க."

சயா அலமாரியை மூடிவிட்டுத் தனபாக்கியத்தின் நம்பரை நாலு தடவை அடித்தார். லைன் போகவில்லை. தன்லியின் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மழை விட்டது. தன்லியின் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. தனபாக்கியம் அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். முட்டியில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் அனுப்பினார்கள் என்று சொன்னதும் பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

"ஷிரின் அனுப்புச்சா? சாப்பிட்டுதா? நான் வந்ததிலேர்ந்து அது ஒழுங்காச் சாப்பிட்டிருக்காது."

"புத்தகத்தை நீங்க எடுத்தீங்களாம்மா?" என்றார் சயா.

"எடுத்தேன்," என்றார் அம்மாள், பால் பாக்கெட் எடுத்ததைச் சொல்வது போல. "எடுத்துச் சேர்க்க வேண்டிய இடத்துல சேர்த்துட்டேன்."

"எந்த இடம்?"

"பெரியம்மா காலடியில. ரஹேலம்மா சாகறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போச்சு. தனம், இதைப் படிக்க ஆளில்லாமப் போனா விக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது, ஆத்துலயும் விடக்கூடாது. இதுல ஆண்டவன் பேர் இருக்கு. எங்க வழக்கப்படி மனுஷாளை மாதிரி மண்ணுல வைக்கணும்னு. ஷிரினுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்துக் கூட்டும், அவ்வளவுதான். அன்னைக்கு அந்த யாவாரி வந்து நடுக்கூடத்துல உட்கார்ந்து விலை பேசுறான். நான் டீத் தட்டோட நிக்கிறேன். ஷிரின் இதை வித்துரும்னு தெரிஞ்சு போச்சு."

"அதனால அடக்கம் பண்ணிட்டீங்க."

"முறையாப் பண்ணினேன் தம்பி. சலவை பண்ணாத புதுத் துணி. த்வாண்டேயிலேர்ந்து படகுல வந்த புதுப் பானை. துணியில சுத்திப் பானையில வச்சு, மூடி போட்டு, மண்ணு பூசினேன். இடுகாட்டைப் பார்த்துக்கிற நாஜியாதான் குழி எடுத்துக் குடுத்துச்சு. வீட்டை விட்டு வரும்போது வெள்ளியை அழுக்கா விட்டுட்டு வந்தா பெரியம்மா மனசு என்ன பாடுபடும்? அதான் துலக்கி வச்சேன்."

திருட்டை இவ்வளவு சுத்தமாகச் செய்தவரை நான் பார்த்ததில்லை. சயா என்னைப் பார்த்தார். கெட்டதைச் சொல்லும் வேலை எப்போதும் எனக்குத்தான். குலுக்கல் சீட்டு, திங்கட்கிழமை, சிட்னி, முதல் பக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அந்த அம்மாளின் கை தைலப் புட்டியை இறுக்கிக்கொண்டே போனது.

"எங்கிட்ட சொல்லலையே," என்றார். "நாப்பத்தாறு வருஷம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. ஜாபரு பொறந்தப்போ முதல்ல கையில வாங்கினது நானு."

அவர் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சாமி அலமாரிக்குப் போய், காளி படத்துக்குப் பின்னாலிருந்து எதையோ உருவினார்.

"பேரு இருக்குற பக்கம் எங்கிட்ட இருக்கு. மண்ணுல வைக்கறதுக்கு முன்னாடி பான்சோடான் தெரு ஜெராக்ஸ் கடையில குடுத்து எடுத்துக்கிட்டேன். போட்டோதான் பிடிக்கக் கூடாதுன்னாங்க, ஜெராக்ஸ் எடுக்கக் கூடாதுன்னு சொல்லலையே. ஷிரினுக்குக் கோவம் ஆறினதும் குடுக்கலாம்னு பிளாஸ்டிக் போட்டு ஒட்டி வச்சேன்."

லேமினேஷன் செய்த காகிதம். மூலையில் ஒரு குங்குமப் பொட்டு. நடுவில் அந்த எழுத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிகள். மேல் வரி நீளம். அடுத்தது கொஞ்சம் குட்டை. இப்படிக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒரே ஓர் எழுத்து.

"பேர்ப் பட்டியல்தான், சயா," என்றேன். மூன்று நாளில் முதல்தடவையாக மூச்சு நன்றாக வந்தது. "பாக்தாத்ல இருந்தப்போ அரைமைல் நீளத்துக்குப் பேர் வச்சிருக்காங்க. யாங்கோன் வரும்போது சுருங்கிடுச்சு."

"இதுதான் அந்தப் பக்கம்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார் சயா.

"எனக்கு எழுத்தே தெரியாது தம்பி, எந்த எழுத்தும். பெரியம்மா எப்பவும் முதல் பக்கம், முதல் பக்கம்னுதான் சொல்லும். கடைக்காரிகிட்ட முதல் பக்கத்தை எடும்மான்னேன். எடுத்துக் குடுத்துச்சு."

சயா காகிதத்தை வாங்கினார். வழக்கம்போல ஓரத்தைப் பார்த்தார். இடது ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கறுப்புப் பட்டை ஓடியது. புத்தகத்தின் மடிப்பு ஜெராக்ஸில் அப்படித்தான் விழும். அவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு, தனபாக்கியம் அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

"தம்பி போயிடும்ல?" என்று அம்மாள் வாசல்வரை நொண்டிக்கொண்டு வந்து கேட்டார்.

"போயிடுவான்மா," என்றேன் நான், அடித்துச் சொல்வது போல.

திரும்பும் பஸ்ஸில் நான் ஒருத்தியே பேசிக்கொண்டு வந்தேன். சிட்னிக்காரம்மாளுக்குப் பிரதி போதும், புத்தகத்தைப் பார்த்ததாகச் சர்ஃபராஸிடம் எழுதி வாங்கிவிடலாம், மழையில் நின்ற கடனுக்கு அவன் அதைச் செய்யத்தான் வேண்டும் என்றெல்லாம். சயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிய வெற்றிலையை வாயில் போடாமலே வைத்திருந்தார்.

"இடுகாட்டுல இறங்குறோம்," என்றார்.

"எதுக்கு? பக்கம் கையில இருக்கே."

"இறங்குறோம், மா விஜி."

இடுகாட்டில் நாஜியா என்ற அந்தப் பெண் கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசிக்கொண்டு கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். ரஹேலின் கல்லைக் காட்டினாள். கால்மாட்டில் புது மண் திட்டு. மூன்று வாரமாகப் பெய்த மழை அங்கே குட்டையாகத் தேங்கி நின்றது. சயா லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை வாங்கினார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் இத்தனை வேகமாகத் தோண்டுவார் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டடியில் பானை தட்டுப்பட்டது. கீறல் இல்லை. மேல் பூச்சு அப்படியே இருந்தது. மூடியைப் பெயர்த்தார். உள்ளே கழுத்துவரை தண்ணீர்.

"தண்ணி எப்படி சயா உள்ளே போச்சு?"

"த்வாண்டே பானை. மேலே மெருகு கிடையாது. தண்ணி ஊத்தி வச்சா வெளியே கசியும், அதனாலதான் ஜில்லுன்னு இருக்கும். ஈர மண்ணுல புதைச்சா உள்ளே கசியும்."

துணியைப் பிரித்தார். தோல் அட்டை மட்டும் புத்தகமாக இருந்தது. உள்ளே இருந்தது கஞ்சி. சயா வலது பக்க அட்டையை மெதுவாகத் திறந்து, அதில் ஒட்டியிருந்த முதல் தாளை நகத்தால் தூக்கப் பார்த்தார். காய்ச்சிய பாலின் ஆடையைப் போல அது விரலோடு வந்தது. மை எங்கும் இல்லை. பானைத் தண்ணீர்தான் கறுப்பாக இருந்தது.

"போனாப் போகுது," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "பக்கம்தான் நம்மகிட்ட இருக்கே."

சயா கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார்.

"நம்ம புத்தகத்துல முதல் பக்கத்துக்கு மடிப்பு எந்தப் பக்கம் வரும்?"

"இடது பக்கம்."

"அவங்க புத்தகத்துல?"

நான் வாயைத் திறந்தேன். காலையில் ஷிரினம்மா பின்னட்டையைத் திறந்தது ஞாபகத்துக்கு வந்தது. நான் சிரித்ததும்தான்.

"வலது பக்கம் வரணும்," என்றார் சயா. "இதுல பட்டை இடது பக்கம் இருக்கு. ஜெராக்ஸ் கடைக்காரி நாம திறக்கிற மாதிரி திறந்திருக்கா. இது கடைசிப் பக்கம். தனபாக்கியம் வீட்டுலயே தெரிஞ்சு போச்சு. புத்தகமாவது தப்பிச்சிருக்காதான்னுதான் இங்கே இறங்கினேன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. வழியெல்லாம் என்னைப் பேச விட்டாரே என்று. தனபாக்கியத்தை, ஜெராக்ஸ்காரியை, வாய் திறக்காத ஷிரினம்மாவை, த்வாண்டேயில் பானை வனைந்தவனைக்கூட. ஆனால் யாரும் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை. பிடித்துக் கொடுக்க ஒரு திருடன்கூட இல்லாத கேஸ் இது. நாஜியா தானே வந்து மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள்.

நாங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறியபோது கரண்ட் வந்திருந்தது. ஜாபர் ஒரு ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தான். எங்கள் கால் சேற்றைப் பார்த்ததுமே ஷிரினம்மாவுக்குப் பாதி புரிந்துவிட்டது. சயா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் காகிதத்தை நீட்டினார்.

"ஒருவேளை நான் தப்பா இருக்கலாம். நீங்க எழுத்துக் கூட்டுவீங்களே."

ஷிரினம்மா வாங்கிப் பார்த்தார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்தேன். அது ஒவ்வொரு வரியிலும் முன்னைவிடக் குறைந்த தூரம்தான் போய்த் திரும்பியது.

"பேரு எதுவும் இல்லை," என்றார்.

"வேற என்ன இருக்கும்மா?"

"அம்மா இதைச் சொல்லியிருக்காங்க. புத்தகம் முழுக்கக் கடவுள்கிட்ட எப்படிக் கேக்கணும்னு இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் கேட்டு முடிச்சவங்களுக்கு. ஒரு வரிக்கு ஒரு வார்த்தை குறைஞ்சிட்டே வரும். கடைசி எழுத்துல சத்தம் கிடையாது, மூச்சு மட்டும்தான். அதுக்கப்புறம் எதுவும் கேக்கக்கூடாது."

ஜாபர் திருப்புளியைக் கீழே வைத்தான். "அமே," என்று தாயைக் கூப்பிட்டான்.

"நாளைக்குக் காலையில ஓட்டலுக்கு நானே வர்றேன்," என்றார் சயா. "தோண்டினதை, பார்த்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். மா விஜியும் போடுவா."

"அந்தம்மா நல்லவங்கதான் சயா. ஆனா எழுத்துல இருந்தாத்தான் எடுத்துக்குவாங்க. இது மாதிரிக் கதையோட எத்தனை பேரு வந்திருப்பாங்க அவங்ககிட்ட." ஷிரினம்மா காகிதத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அதில் தூசி இல்லை. "போய்க் கேப்போம். பலிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

பொய் சொல்லி ஆறுதல் தரச் சயாவுக்கு வராது. அவர் தலையை ஆட்டினார்.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க," என்றார் ஷிரினம்மா. "அக்காகிட்ட இதைச் சொல்லாதீங்க. சரியான பக்கம்தான்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, சயாவின் போன் அடித்தது. தன்லியினிலிருந்து தனபாக்கியத்தின் நம்பர். இப்போது லைன் நன்றாக இருந்தது. சயா போனைப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். பொய் சொல்வதும் என் வேலைதான்.

"விஜியா? பக்கத்தைக் குடுத்தீங்களா? ஷிரின் பார்த்துச்சா?"

"பார்த்தாங்கம்மா."

"சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சும்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கூடம் முழுக்கக் கேட்டது.

"காளி காப்பாத்திட்டா. எனக்கு உசிரே போயிருந்துச்சு. ஜாபரு எப்போ கிளம்புது?"

நான் ஜாபரைப் பார்த்தேன். அவன் விட்ட இடத்திலிருந்து சட்டைகளை மடிக்க ஆரம்பித்திருந்தான்.

"திங்கக்கிழமை," என்றேன்.

"அங்கே இப்போ குளிராம்மே, என் மருமகன் சொல்றான். என் டிரங்குப் பெட்டி ஷிரின் வீட்டுலதான் இருக்கு. அதுல நான் பின்னின கம்பளிச் சட்டை இருக்கும், பச்சைக் கலரு. மறக்காம அதை எடுத்துப் பையில வைக்கச் சொல்லு."

"சொல்றேம்மா," என்றேன்.

ஷிரினம்மா எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.